வேலூரில் கடல்மீன் தொட்டி: எந்த அளவு மீனுக்கு எவ்வளவு தண்ணீர்?

வேலூர், காட்பாடி, ஆம்பூர், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டு ஊர்களில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகியவர்கள் கடல்மீன் பக்கம் திரும்பும்போது, முதலில் குழப்புவது மீனின் அளவுதான். சென்னை கொளத்தூர் கடைகளுக்குப் போனால் க்ளவுன், ப்ளூ டாங், பேட் ஃபிஷ், லயன் ஃபிஷ் எல்லாமே விரல் நீளத்தில் நீந்திக்கொண்டிருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு. எது வீட்டுக்கு ஏற்றது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். 'ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீருக்கு ஓர் அங்குல மீன்' என்பது ஒன்று. 'தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்' என்பது இன்னொன்று. 'நல்ல ஃபில்டர் போட்டால் எதை வேண்டுமானாலும் விடலாம்' என்பது மூன்றாவது.

கடல்மீன் விஷயத்தில் மூன்றையுமே நம்ப முடியாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

மீனுக்கு மூன்று நீளங்கள்

1. கடை நீளம்: வாங்கும் அன்று மீன் இருக்கும் அளவு. பெரும்பாலும் 3 முதல் 7 செ.மீ.

2. வளர்ந்த நீளம்: நல்ல பராமரிப்பில் சில ஆண்டுகளில் வீட்டுத் தொட்டியில் மீன் எட்டும் அளவு.

3. உச்ச நீளம்: கடலில் பிடிபட்டவற்றில் பதிவான மிகப் பெரிய அளவு. மீன் நூல்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. தொட்டியைத் திட்டமிட இரண்டாவது எண்தான் வேண்டும். அது தெரியாவிட்டால் மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் எண்ணை மறந்துவிடுங்கள். கடைகளில் அடிக்கடி குட்டியாகக் கிடைக்கும் சில மீன்கள் எவ்வளவு வளரும் என்று பாருங்கள்:

- ஆஸெல்லாரிஸ் க்ளவுன் (கடையில் 'நீமோ' என்று கேட்டால் கொடுப்பது): வீட்டில் சுமார் 8 செ.மீ., உச்சம் 11 செ.மீ.
- ப்ளூ டாங்: உச்சம் 31 செ.மீ.
- லயன் ஃபிஷ்: 38 செ.மீ.
- எம்பரர் ஏஞ்சல்: 40 செ.மீ.
- க்ளவுன் ட்ரிகர்: 50 செ.மீ.
- பேட் ஃபிஷ்: 60 செ.மீ.
- பாந்தர் குரூப்பர்: 70 செ.மீ.
- பேம்பூ ஷார்க், கோல்டன் ட்ரெவல்லி: இரண்டுமே ஒரு மீட்டரை எட்டக்கூடியவை.

இந்தப் பட்டியலில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. குட்டிக்கும் வளர்ந்த மீனுக்கும் சில இனங்களில் உருவமே வேறு. எம்பரர் ஏஞ்சலின் குட்டி கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும், வளர்ந்ததோ நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடும் மீன். பாந்தர் குரூப்பர் குட்டி வெள்ளை உடலில் கரும்புள்ளிகளோடு தத்தளித்து நீந்துவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது நம் மீன் மார்க்கெட்டில் வரும் களவா மீனின் உறவு, கிழக்கு ஆசிய நாடுகளில் சாப்பாட்டுக்காகவே வளர்க்கிறார்கள். கோல்டன் ட்ரெவல்லி நமக்குத் தெரிந்த பாரை மீன் குடும்பம். இவை எவையும் அறைக்குள் வைக்கும் மீன்களே இல்லை என்பது குட்டியின் முகத்தைப் பார்த்தால் தெரியாது. அதனால் கடையில் பெயரைக் கேட்டு, வளர்ந்த அளவை அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத கடையில் அந்த மீனை வாங்காதீர்கள்.

நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு

'காலனுக்கு ஓர் அங்குலம்' என்ற கணக்கு தடுமாறுவது இங்கேதான். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரமும் பருமனும் சேர்ந்தே வளரும். நீளம் 2 மடங்கானால் எடை 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு. 5 செ.மீ. குட்டி 30 செ.மீ. மீனாக வளர்ந்தால் நீளம் 6 மடங்கு, எடை 6 × 6 × 6 = 216 மடங்கு. வாங்கும்போது ப்ளூ டாங் குட்டி 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், முழுதாக வளர்ந்தபின் அது 600 கிராமைத் தாண்டும்.

எடை 216 மடங்கு ஆனதும் தீனியும் கழிவும் அதே 216 மடங்கு ஆகிவிடாது. உயிர் பெரிதாக ஆக, ஒரு கிராம் உடலுக்குத் தேவைப்படும் தீனியும் ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வரும். உயிரியலில் இதற்கு ஏறத்தாழ முக்கால் அடுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 216 மடங்கு எடைக்குத் தேவை சுமார் 56 மடங்கு. சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் விளைவைப் பாருங்கள். 5 செ.மீ. மீன்கள் பத்து என்றால் மொத்த நீளம் 50 செ.மீ., கழிவு பத்துப் பங்கு. 30 செ.மீ. மீன் ஒன்று என்றால் நீளம் 30 செ.மீ.தான், கழிவோ 56 பங்கு. அங்குலக் கணக்கோ முதல் தொட்டிதான் நெரிசலானது என்று சொல்லும்.

ஆகவே நீளத்தைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு, வளர்ந்தும் 10 செ.மீ. தாண்டாத மீன்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்கு மேல் வளரும் மீன்களை அவற்றின் இயல்பு தெரிந்து தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

தொட்டிகளை நாம் அடிக்கணக்கில் வாங்குகிறோம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் மொத்தக் கொள்ளளவு கிடைக்கும். அதில் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

- 2 × 1 × 1 அடி: மொத்தம் 57 லிட்டர், தண்ணீர் சுமார் 45.
- 3 × 1.5 × 1.5 அடி: மொத்தம் 191 லிட்டர், தண்ணீர் சுமார் 150.
- 4 × 1.5 × 1.5 அடி: மொத்தம் 255 லிட்டர், தண்ணீர் சுமார் 200.
- 6 × 2 × 2 அடி: மொத்தம் 680 லிட்டர், தண்ணீர் சுமார் 540.

சின்ன மீன்களுக்குப் பரவலாகப் புழங்கும் அளவுகோல், வளர்ந்த நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 7 லிட்டர் தண்ணீர். நன்னீர் வளர்ப்பவர்கள் பழகியதைப் போல ஐந்து மடங்கு கடுமையான கணக்கு இது. இப்படிப் பார்த்தால் 45 லிட்டர் தொட்டிக்கு 6 செ.மீ., 150 லிட்டருக்கு 21, 200 லிட்டருக்கு 28. படிக்கும்போதே இது அநியாயமாகக் குறைவு என்று தோன்றும். ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கடல் நீருக்கே உரியது, மற்றது நம் ஊருக்கு உரியது.

கடல் நீர் ஏன் அவ்வளவு கண்டிப்பானது?

கடல் நீரில் ஒரு கிலோவுக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அடர்த்தி அளவியில் இது 1.025 என்று காட்டும். இந்த உப்பு கரைந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், கடல் நீர் சுமார் 6.7 மில்லிகிராம்தான்.

அடுத்தது அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் முதல் கழிவு இதுதான். நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும், இதைத்தான் சைக்ளிங் என்கிறார்கள். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும், ஒன்று அதிகத் தீங்கு செய்யாதது, மற்றது செவுளை எரிக்கும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் முடிவு செய்யும். பி.எச். 7.2-லிருந்து 8.2-க்குப் போனால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். கடல்மீன் தொட்டியின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருந்தாக வேண்டும். ஆக, கோல்டு ஃபிஷ் தாங்கிக்கொண்ட அதே அளவு அம்மோனியா இங்கே உயிரை எடுத்துவிடும்.

கத்திரி வெயிலும் கரன்ட்டும்

இனி வேலூருக்கு வருவோம். இங்கே மே மாதத்தில் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் குளிரூட்டாத தொட்டி 32 டிகிரிக்குப் போவது எளிது. கடல்மீனுக்கு ஏற்றது 24 முதல் 27 டிகிரி.

இங்கே இரண்டு கோடுகள் எதிரெதிராகப் போகின்றன. 26 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு ஏறும்போது கடல் நீர் பிடிக்கும் ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் மீனின் தேவை கூடுகிறது. மீன் குளிர் ரத்த உயிர் என்பதால், 10 டிகிரி ஏறினால் அதன் உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கும். 6 டிகிரிக்கு ஒன்றரை மடங்கு. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. முதலில் தவிப்பது தொட்டியின் பெரிய மீன்தான். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரன்ட் போய் மாலையில் வந்தால் என்ன ஆகும்? நீரோட்டம் நின்றதும் ஃபில்டருக்குள் இருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சுமுட்டத் தொடங்கும். சில மணி நேரத்தில் அம்மோனியா ஏறும்.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வேலூரில் கடல்மீன் வைப்பவர் வாங்கியே தீர வேண்டும், இன்வெர்ட்டர் இருந்தாலும்கூட. அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பாதுகாப்பு, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கு மீன் விடாமல் இருப்பது. நெரிசல் இல்லாத தொட்டி ஒரு பகல் மின்வெட்டைத் தாங்கும். விளிம்பு வரை மீன் நிரப்பிய தொட்டியால் முடியாது.

வெப்பத்தைக் குறைக்கத் தண்ணீரின் மேல்பரப்பில் சின்ன மின்விசிறி வைப்பது மலிவான வழி. வேலூர் கோடையின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும், 2, 3 டிகிரி குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது பலன் குறைவு, அப்போது தேவையும் குறைவு. ஆனால் விசிறி குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். தண்ணீர் போகும், உப்பு போகாது.

இதன் கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் ஆவியானால் ஒரு வாரத்தில் 28 லிட்டர். கவனிக்காமல் விட்டால் 35-ஆக இருந்த உப்பு 40-ஐத் தாண்டும். 45 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் என்றால் ஐந்தே நாளில் உப்பு 45-ஐத் தொடும். 'சின்ன மீன்தானே, சின்னத் தொட்டி போதும்' என்று 2 அடித் தொட்டியில் தொடங்குபவர்கள் தோற்பது இதனால்தான். மீன் சின்னதாக இருந்தாலும் நிலையான நீர் வேண்டும், அந்த நிலைத்தன்மை தண்ணீரின் அளவிலிருந்துதான் வருகிறது. ஆவியான அளவுக்குத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. எப்படியும் உப்புத் தண்ணீர்தானே என்று போர் தண்ணீரில் கடல் உப்பைக் கலக்கக் கூடாது. கடல் நீரில் சோடியம், குளோரைடு தவிர மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எல்லாம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. அந்த விகிதம் போர் தண்ணீரில் கிடையாது, சமையல் உப்பிலும் கிடையாது. ஆர்.ஓ. தண்ணீரில் அக்வேரியக் கடல் உப்பைக் கரைப்பதுதான் சரியான வழி. கடல் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கேனில் கொண்டுவரலாம் என்று யோசிப்பவர்களுக்கு: நகரக் கடற்கரையோரத் தண்ணீர் சுத்தமானது என்று சொல்ல முடியாது.

200 லிட்டர் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 20 லிட்டர், உப்பு 700 கிராமுக்கு மேல். மீன் பெரிதாக ஆக இந்த அளவும் ஏறும். உப்புக்கும் ஆர்.ஓ.வுக்கும் மாதாமாதம் ஆகும் செலவு, மீனின் விலையை விரைவில் தாண்டிவிடும்.

நீந்தும் இடம்

கழிவுக் கணக்கு சரியாக வந்தாலும் போதாது. டாங் இனங்கள் பவளப் பாறைகளின் மேல் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே நீந்துபவை. அவற்றுக்கு லிட்டரைவிடத் தொட்டியின் நீளம் முக்கியம். வளர்ந்த நீளத்தைப் போல 6 மடங்காவது தொட்டி நீளமும், 2 மடங்கு அகலமும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ப்ளூ டாங்குக்கு 30 செ.மீ. × 6 = 180 செ.மீ., அதாவது 6 அடித் தொட்டி. கோபி, க்ளவுன் போன்றவை ஓரிடத்திலேயே சுற்றுபவை, அவற்றுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

6 × 2 × 2 அடித் தொட்டியைத் தண்ணீர், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து எடைபோட்டால் 800 கிலோவைத் தாண்டும். வாடகை வீட்டு மாடியில் அதை வைக்கலாமா என்று பொறியாளரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. ப்ளூ டாங் வேண்டுமா என்ற கேள்வி, வீட்டுத் தளம் தாங்குமா என்ற கேள்வியில் போய் நிற்கிறது.

'தொட்டிக்குத் தக்கபடி வளரும்' என்பது உண்மையா?

இல்லை. சின்னத் தொட்டியில் சில மீன்கள் வளராமல் நிற்பதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்கிறது. அங்கே நடப்பது தக அமைவது அல்ல. கழிவு தேங்கிய தண்ணீர், போதாத ஆக்சிஜன், ஓயாத பதற்றம் ஆகியவற்றால் வளர்ச்சி தடைபடுகிறது. அப்படிப்பட்ட மீனுக்கு நோய் எளிதில் ஒட்டும், ஆயுளும் குறையும். ப்ளூ டாங் நல்ல தொட்டியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அது ஓரிரு ஆண்டில் 12 செ.மீ.யிலேயே நின்று செத்துப்போவதை 'தொட்டிக்கு ஏற்ப வளர்ந்தது' என்று சொல்வது கொடுமை.

'பெரிதானால் கொடுத்துவிடலாம்' என்பதும் வேலூரில் நடைமுறைக்கு ஒவ்வாது. 40 செ.மீ. ஏஞ்சலை வாங்கிக்கொள்ள வேலூரில் யார் வீட்டில் தொட்டி இருக்கிறது? கடைகளும் பெரிய மீனைத் திரும்ப எடுக்கத் தயங்கும். பாலாற்றிலோ ஏரியிலோ விட்டால் உடனே செத்துவிடும். கடலில் கொண்டுபோய் விடுவதும் தவறு. இந்தோ பசிஃபிக் கடலைச் சேர்ந்த லயன் ஃபிஷ், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பெருகி அங்குள்ள சின்ன மீன்களை அழித்துவருகிறது.

வாயின் அளவு, குணத்தின் அளவு

1. வாய்க்குள் போகும் எதுவும் தீனிதான். லயன் ஃபிஷ், குரூப்பர் இரண்டும் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனையும் விழுங்கிவிடும். க்ளவுனையும் லயன் ஃபிஷ்ஷையும் ஒன்றாக விட்டால், கேள்வி எப்போது என்பது மட்டும்தான்.

2. சின்ன மீன் என்றால் சாது என்று அர்த்தமில்லை. டாமினோ டாம்ஸல் 2 செ.மீ.யில் மலிவாகக் கிடைக்கும். அது 14 செ.மீ. வரை வளர்ந்து, தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொண்டு மற்றவற்றைத் துரத்தும். புதுத் தொட்டியைச் 'சோதித்துப் பார்க்க' இதை முதலில் விடும் வழக்கம் இரண்டு வகையில் கெட்டது. அம்மோனியாவில் ஓர் உயிர் வதைபடுகிறது. பிழைத்துவிட்டால், பிறகு வரும் மீன்கள் அனைத்துக்கும் அதுவே எதிரி.

3. க்ளவுன் மீனில் அளவுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லா க்ளவுனும் பாலினம் முடிவாகாத குட்டியாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை வளராமல் காத்திருக்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். அதனால் ஜோடி வாங்கும்போது ஒன்று பெரிதாகவும் மற்றது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறிதாகவும் எடுங்கள், அல்லது இரண்டும் சின்னக் குட்டிகளாக எடுங்கள். இரண்டு பெரிய க்ளவுன்களை எடுத்தால் இரண்டும் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒன்று மற்றதைக் கொல்லும் வரை சண்டை ஓயாது.

4. அளவு சிறியதாக இருந்தும் தொடக்கக்காரருக்கு ஆகாத மீனும் உண்டு. மாண்டரின் 6, 7 செ.மீ.தான், அழகில் அதற்கு இணை குறைவு. ஆனால் அது நாள் முழுக்கப் பாறைகளில் ஊரும் நுண்ணிய உயிர்களைத் தேடித் தின்னும். புதுத் தொட்டியில் அந்த இரை இருக்காது, கடையில் விற்கும் உருண்டைத் தீனியான பெல்லட்டைப் பெரும்பாலும் தொடாது. கண்ணெதிரே பட்டினியில் மெலியும்.

எந்தத் தொட்டிக்கு எந்த மீன்?

2 அடித் தொட்டி: கடல்மீனுக்குத் தொடக்கமாக வேண்டாம். வேறு நல்ல பயன் ஒன்று உண்டு, கடைசியில் வருகிறது.

3 அடித் தொட்டி, 150 லிட்டர்: க்ளவுன் ஒரு ஜோடி (பெண் 8, ஆண் 6 செ.மீ.), ஒரு மஞ்சள் வால் டாம்ஸல் (7 செ.மீ.). மொத்தம் 21 செ.மீ. அவ்வளவுதான். டாம்ஸல் இனத்தில் இது ஓரளவு அடங்கிப்போகும் வகை.

4 அடித் தொட்டி, 200 லிட்டர்: க்ளவுன் ஜோடி, ஒரு ஃபயர் ஃபிஷ் (8 செ.மீ.), ஒரு நியான் கோபி (5 செ.மீ.). மொத்தம் 27 செ.மீ. ஃபயர் ஃபிஷ்ஷுக்கு மேலே வலை மூடி கட்டாயம், பயந்தால் வெளியே குதித்துவிடும். ஃபயர் ஃபிஷ்ஷுக்குப் பதிலாக ராயல் கிராமா அல்லது பங்காய் கார்டினல் ஒன்று விடலாம். கழிவு அம்மோனியாவாகச் சிதையும் முன்பே அதை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் இருந்து, ஒரு கோடையைக் கடந்து, நைட்ரேட் கட்டுக்குள் இருந்தால் இன்னொரு சின்ன மீனை யோசிக்கலாம். நல்ல ஃபில்டர் செய்யும் உதவி அவ்வளவுதான், ஆக்சிஜனையும் நீந்தும் இடத்தையும் ஃபில்டரால் உண்டாக்க முடியாது.

6 அடித் தொட்டி, 540 லிட்டர்: ஒரு டாங், கூடவே சின்ன மீன்கள். லயன் ஃபிஷ்தான் வேண்டும் என்றால் சின்ன மீன்கள் இல்லாத தனித் தொட்டி. அதன் முட்களில் விஷம் இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டியலில் மேலே சொன்ன பேட் ஃபிஷ், பாந்தர் குரூப்பர், ட்ரெவல்லி, சுறா ஆகியவற்றுக்கு வீட்டுத் தொட்டி எதுவும் பொருந்தாது. பணம் இருப்பவருக்கும் இதே பதில்தான்.

வாங்கும் நாளில்

மிகச் சின்னக் குட்டியும் நல்லதல்ல. பெரிய மீனாக வளரும் இனத்தின் 2 செ.மீ. குட்டி பயணத்தைத் தாங்குவது கடினம், அடிக்கடி தீனி கேட்கும். வளர்ந்த நீளத்தில் பாதி எட்டிய, ஆனால் இன்னும் இளையதாக உள்ள மீன்தான் எளிதில் பழகும். கடலிலிருந்து பிடித்த பெரிய பட்டர்ஃப்ளை மீன் போன்றவை, பழகிய பவளத் தீனி கிடைக்காமல் சாப்பிட மறுக்கும். எந்த அளவாக இருந்தாலும் கடையில் தீனி போடச் சொல்லி, சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். தலைக்குப் பின்னால் முதுகு உள்ளடங்கியிருந்தால் அது பட்டினி கிடந்த மீன்.

தொட்டியில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே எடுக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. அப்படி வளர்ந்தவை பெல்லட் தின்னப் பழகியவை. நம் கடலிலேயே வாழும் செபே க்ளவுன் கிடைத்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும், அது 16 செ.மீ. வரை வளரும், ஆஸெல்லாரிஸ் கணக்கு அதற்குச் செல்லாது.

கடல்குதிரை, பவளப் பாறை, கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவற்றை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவை பாதுகாக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம். செத்த பவளத் துண்டும் அதில் அடங்கும். தொட்டி அலங்காரத்துக்குப் பீங்கான் கல் போதும்.

விடும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. சைக்ளிங் முடிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மிகச் சாதுவான மீன்: ஃபயர் ஃபிஷ் அல்லது கோபி.

2. குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து அடுத்தது. நுண்ணுயிர்க் கூட்டம் புதுக் கழிவுக்கு ஏற்பப் பெருக இந்த இடைவெளி வேண்டும்.

3. இடம் பிடித்துச் சண்டையிடும் க்ளவுன், டாம்ஸல் போன்றவை கடைசியில்.

மே மாதத்தில் எந்த மீனையும் புதிதாக விடாமல் இருப்பது நல்லது. சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், ஆனாலும் பகல் வண்டியைத் தவிர்த்து அதிகாலையிலோ மாலையிலோ வாருங்கள். ஒரு பைக்கு ஒரு மீன், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக் கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்ட 2 அடித் தொட்டிக்கு இங்கேதான் வேலை. அதில் மணல், கல் இல்லாமல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஏர் பம்ப், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் வைத்து, புது மீனை நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். உடலில் உப்புத் துகள் போல வெள்ளைப் புள்ளி நோய் தெரிந்தால் மருந்து அங்கேயே போடலாம், பெரிய தொட்டியின் நுண்ணுயிர்களும் மற்ற மீன்களும் தப்பும். பையில் வந்த கடைத் தண்ணீரை இரண்டு தொட்டியிலும் ஊற்ற வேண்டாம், மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு அதைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.